தெருவைத் தாண்டி வந்த ஊடுருவல்: ஒரு வைஃபை நிகழ்வு ஆய்வு

2022 பிப்ரவரி 4 அன்று, அமெரிக்காவின் வொலெக்சிட்டி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு ஒரு வாடிக்கையாளரின் சர்வரிலிருந்து எச்சரிக்கை வந்தது. சர்வரின் சி டிரைவில் உள்ள புரோகிராம்டேட்டா ஃபோல்டரில், எந்தத் துணை ஃபோல்டரும் இல்லாமல் நேரடியாக ஒரு கோப்பு எழுதப்பட்டு அங்கிருந்தே இயக்கப்பட்டிருந்தது. ஒழுங்கான மென்பொருள்கள் அந்த ஃபோல்டருக்குள் தங்கள் பெயரில் ஒரு துணை ஃபோல்டர் வைத்துக்கொண்டுதான் வேலை செய்யும். அதனால் இப்படி நேராக அங்கே வந்து உட்காரும் எதையும் சந்தேகப்படு என்று வொலெக்சிட்டிக்காரர்கள் முன்கூட்டியே ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள். அந்த விதிதான் மணியடித்தது.

கோப்பின் பெயர் சர்வ்டாஸ்க்.பேட். விண்டோஸில் பயனர்களின் கடவுச்சொல் ஹாஷ்கள் (கடவுச்சொல்லைக் கணக்கிட்டு உருமாற்றிய வடிவம்) இருக்கும், ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புத் தரவுத்தளத்தின் பகுதிகளை நகலெடுத்து ஜிப் கோப்பாகச் சுருட்டுவதுதான் அதன் வேலை. யாரோ உள்ளே வந்து சாவிக்கொத்தை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. எந்த வழியாக வந்தார்கள் என்பதுதான் புரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மாதம் ஆனது. முழுக் கதையையும் வொலெக்சிட்டி வெளியே சொன்னது 2024 நவம்பரில்.

பாதிக்கப்பட்ட நிறுவனங்களின் பெயர்கள் அறிக்கையில் இல்லை, எழுத்துகளால் மட்டுமே குறிக்கிறார்கள். நான் இங்கே அ, ஆ, இ என்று வைத்துக்கொள்கிறேன். குறிவைக்கப்பட்டது அ நிறுவனம். உக்ரைன் பற்றிய நிபுணர்களும் உக்ரைன் தொடர்பான திட்டங்களும் அங்கே இருந்தன. ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தது 2022 பிப்ரவரி 24. எச்சரிக்கை வந்தது அதற்கு இருபது நாள் முன்பு.

உள்ளே வந்தவர்கள் வைரஸ் மாதிரி எதையும் பெரிதாகக் கொண்டுவரவில்லை. விண்டோஸிலேயே இருக்கும் கருவிகளை வைத்தே காரியத்தை முடித்தார்கள். அலுவலகத்தின் எல்லாப் பயனர் கணக்குகளையும் நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வரின் முழுக் கடவுச்சொல் தரவுத்தளத்தை எடுக்க, வட்டை அப்படியே நகலெடுத்து வைக்கும் விண்டோஸின் ஷேடோ காப்பி வசதியைப் பயன்படுத்தினார்கள். தடயத்தை அழிக்க சைஃபர்.எக்ஸி என்ற விண்டோஸ் கட்டளை. ஒரு கோப்பை டெலீட் செய்தாலும் வட்டில் அதன் மிச்சம் இருக்கும். இந்தக் கட்டளை காலியான இடத்தின் மேல் திரும்ப எழுதி அந்த மிச்சத்தையும் துடைத்துவிடும். ஊடுருவியவர்கள் இவ்வளவு நிதானமாகப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போவதை அடிக்கடி பார்க்க முடியாது.

சர்வருக்குள் நுழைந்த இணைப்பு ஒரு உள் ஐபி முகவரியிலிருந்து வந்திருந்தது. அதைத் தேடிப் போனபோது, அந்த முகவரியில் இருந்த கருவி இப்போது நெட்வொர்க்கில் இல்லை என்று தெரிந்தது. அதன் பிறகுதான் வைஃபை கன்ட்ரோலரின் பக்கம் பார்வை திரும்பியது. பெரிய அலுவலகங்களில் ஒவ்வொரு தளத்திலும் வைஃபை சிக்னல் தரும் ஆக்சஸ் பாயிண்டுகளை மொத்தமாக நிர்வகிக்க ஒரு கன்ட்ரோலர் இருக்கும். எந்தக் கருவி, எந்தப் பயனர் பெயரில், எந்த ஆக்சஸ் பாயிண்டில், எப்போது இணைந்தது என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். பெரும்பாலான இடங்களில் அந்தப் பதிவுகளை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அங்கே அந்த ஐபி முகவரி அகப்பட்டது. கூடவே ஒரு மேக் முகவரியும் (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்), அ நிறுவனத்து ஊழியர் ஒருவரின் உண்மையான பயனர் கணக்கும் இருந்தன. அடுத்ததாக, வைஃபையில் சேருபவரின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரின் பதிவுகளைப் புரட்டினார்கள். அதே மேக் முகவரி ஜனவரி கடைசியிலும் வந்திருக்கிறது, ஆனால் வேறொரு ஊழியரின் கணக்கில். இடையில் அந்த ஊழியரின் கடவுச்சொல் காலாவதியாகி, அவர் புதிதாக மாற்றியிருந்தார். அதனால் முதல் கணக்கு கைவிட்டுப் போக, பிப்ரவரியில் இரண்டாவது கணக்கோடு வந்திருக்கிறார்கள். 90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் பழக்கத்தை இன்றைய பாதுகாப்பு நிபுணர்கள் பலர் கிண்டல் செய்வார்கள், நானும் அந்தக் கட்சிதான். இந்த ஒரு இடத்தில் அது ஊடுருவியவர்களைச் சில நாட்கள் வெளியே நிறுத்தியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடவுச்சொற்கள் அவர்களுக்கு எங்கே கிடைத்தன? இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருந்த அ நிறுவனத்தின் ஒரு சேவையில். ஒரு கணக்கில் ஆயிரம் கடவுச்சொற்களை முயன்றால் கணக்கு பூட்டிக்கொள்ளும். எளிதாக ஊகிக்கக்கூடிய ஒன்றிரண்டை எடுத்து நூற்றுக்கணக்கான கணக்குகளில் தெளித்தால் எதுவும் பூட்டிக்கொள்ளாது. பாஸ்வேர்டு ஸ்ப்ரே என்று இதற்குப் பெயர். இதில் மூன்று ஊழியர்களின் கடவுச்சொற்கள் சிக்கின. அவற்றில் இரண்டு, வைஃபை பதிவுகளில் இருந்த அதே இரண்டு கணக்குகள்.

அந்த இணையச் சேவையில் இவற்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பு அங்கே கட்டாயம். இணையத்தைப் பார்த்திருந்த எல்லா வாசல்களிலும் அ நிறுவனம் அதைச் சரியாகவே போட்டிருந்தது. வைஃபைக்கு மட்டும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போதும் என்று விட்டிருந்தார்கள்.

விட்டதற்கு ஒரு நியாயமும் உண்டு. வைஃபை சிக்னலைப் பிடிக்க வேண்டுமென்றால் ஆள் கட்டிடத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். இணையத்தில் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தட்டலாம், வைஃபையை அப்படித் தட்ட முடியாது. அந்தத் தூரத்தையே ஒரு பூட்டாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்திருக்க மாட்டார்கள். உலகம் முழுக்க வைஃபை அப்படித்தான் அமைக்கப்பட்டு வந்திருக்கிறது.

பாதுகாக்கப்பட்ட வைஃபையைத் தாக்குவதற்கு இதுவரை வந்த முறைகளைப் பார்த்தால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று புரியும். 1997இல் வந்த முதல் தலைமுறை மறையாக்கம் டபிள்யூஇபி. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் சாவியோடு சேர்க்க வேண்டிய மாறும் எண்ணுக்கு அதில் 24 பிட் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். அதாவது சுமார் 1 கோடியே 67 லட்சம் எண்கள்தான். பரபரப்பான நெட்வொர்க்கில் எண்கள் தீர்ந்துபோய்த் திரும்ப வரும். அது போதாதென்று, சாவியைப் பயன்படுத்தும் விதத்திலேயே இருந்த பலவீனத்தை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று மறையாக்க அறிஞர்கள் 2001இல் காட்டினார்கள். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் ஒரு நிமிடத்துக்குள் சாவியை எடுத்துக் காட்டினார்கள். இதற்கு நடுவில், 2005இல், மயாமியில் டிஜேஎக்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனத்தின் மார்ஷல்ஸ் கடை ஒன்றின் வைஃபை வழியாக நுழைந்த ஆல்பர்ட் கோன்சாலஸ் கும்பல் அந்த நிறுவனத்திலிருந்து 4.5 கோடிக்கும் மேலான கார்டு எண்களைக் கொண்டுபோனது. அவர்களும் கடைக்கு அருகில் போய்த்தான் சிக்னலைப் பிடித்தார்கள்.

டபிள்யூஇபியின் இடத்தில் டபிள்யூபிஏ2 என்ற புதிய பாதுகாப்பு முறை வந்த பிறகு மறையாக்கத்தை நேராக உடைக்கும் பேச்சு அடங்கியது. தாக்குதல் கடவுச்சொல்லை ஊகிக்கும் பக்கம் நகர்ந்தது. ஒரு கருவி ரவுட்டரோடு இணையும்போது இரண்டுக்கும் நடுவே நான்கு செய்திகள் பரிமாறிக்கொள்ளப்படும். அவற்றைக் காற்றில் பிடித்து வைத்துக்கொண்டால், அப்புறம் வீட்டில் உட்கார்ந்து, சொற்பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். வேகத்தைக் குறைக்க ஒவ்வொரு ஊகத்தையும் 4096 முறை சுற்றில் விடும்படி வடிவமைத்திருந்தார்கள். கிராஃபிக்ஸ் கார்டுகளின் வேகத்துக்கு முன் அது சின்னத் தடைதான். சின்ன கடவுச்சொல் விழும், நீளமானது நிற்கும்.

இணையும் நேரம்வரை காத்திருக்கவும் பொறுமை வேண்டாம். ஏற்கெனவே இணைந்திருக்கும் போனுக்கு, ரவுட்டரே சொல்வது போல ‘இணைப்பைத் துண்டி’ என்று ஒரு போலிச் செய்தி அனுப்பினால் போதும். போன் விலகி, உடனே தானாகத் திரும்ப இணையும். நான்கு செய்திகளும் கைக்கு வந்துவிடும். இந்தப் போலித் துண்டிப்பைத் தடுக்கும் 802.11டபிள்யூ தரநிலை 2009லேயே வந்துவிட்டது. அது அடுத்த தலைமுறையான டபிள்யூபிஏ3இல்தான் கட்டாயமானது, அதாவது 2018இல். நடுவில் போன ஒன்பது வருடத்தில் எத்தனை ரவுட்டர் உற்பத்தியாளர்கள் அதைத் தாமாகவே இயக்கி அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அதே 2018இல், யாரும் இணையாவிட்டாலும் பல ரவுட்டர்களிடமிருந்து நேரடியாக ஒரு அடையாள மதிப்பைக் கேட்டு வாங்கி, அதை வைத்தே கடவுச்சொல்லை ஊகிக்கலாம் என்று ஹாஷ்கேட் கருவியை எழுதிய ஜென்ஸ் ஸ்டூபே காட்டினார்.

பட்டனை அழுத்தினால் இணையும் டபிள்யூபிஎஸ் வசதியின் கதை வேறு விதமான அலட்சியம். எட்டு இலக்கப் பின் எண் என்று பெயர், சரிபார்ப்பதோ இரண்டு துண்டுகளாக. முதல் நான்கு இலக்கம் சரியா தவறா என்று ரவுட்டரே சொல்லிவிடும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. அதனால் பத்துக் கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 முயற்சி போதும் என்று 2011இல் வெளியானது. 2017இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்து மேத்தி வான்ஹோஃப் வெளியிட்ட கிராக் தாக்குதல், கடவுச்சொல்லைத் தொடாமலேயே, நான்கு செய்திகளில் மூன்றாவதைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பழைய சாவியையே மறுபடி நிறுவ வைத்தது. உலகமே பதறியது. அப்டேட் வந்ததும் பெரும்பாலும் அடங்கியது.

ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கும் அலுவலக வைஃபையில் மேலே சொன்ன பல வித்தைகள் செல்லாது. பொதுவான கடவுச்சொல் ஒன்றே இல்லையே. அங்கே வழக்கமான ஆயுதம் போலி ஆக்சஸ் பாயிண்ட். அதே பெயரில், அதைவிட வலுவான சிக்னலில் ஒன்றை வைத்தால், சான்றிதழைச் சரிபார்க்காத போனும் லேப்டாப்பும் அதை நம்பித் தங்கள் அடையாளத்தை நிரூபிக்க முன்வரும். அப்போது கிடைக்கும் எம்எஸ்சாப்வி2 (கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் ஒரு முறை) பதிலை உடைப்பது டிஇஎஸ் என்ற பழைய மறையாக்கத்தின் ஒற்றைச் சாவியை உடைக்கும் வேலைக்குச் சமம்தான் என்று மாக்ஸி மார்லின்ஸ்பைக் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2012 டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் காட்டினார். ‘இந்தச் சான்றிதழை நம்பலாமா’ என்று திரையில் கேட்கும்போது ‘சரி’ என்று தட்டாத ஊழியர் யார்?

இவை எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொது: கருவி சிக்னல் எட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். அருகே வருபவன் கண்ணில் படுவான், கேமராவில் விழுவான், மாட்டிக்கொள்வான்.

மாட்டிக்கொண்ட கதையும் இருக்கிறது. 2018 ஏப்ரல் 13, நெதர்லாந்தின் ஹேக் நகரம். வேதி ஆயுதத் தடை அமைப்பின் தலைமையகத்துக்கு ஒட்டிய மாரியட் ஹோட்டலின் கார் நிறுத்தத்தில் வாடகை சிட்ரோவன் கார் ஒன்று, பின்பக்கம் தலைமையகத்தைப் பார்த்தபடி நின்றது. டிக்கியில் ஆன்டெனா, லேப்டாப், பேட்டரி, 4ஜி போன். மேலே ஒரு கோட்டைப் போட்டு மூடியிருந்தார்கள். ரஷ்ய ராணுவ உளவு அமைப்பான ஜிஆர்யூவைச் சேர்ந்த நான்கு பேர், ராஜதந்திர பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள். டச்சு ராணுவ உளவுத்துறை கையும் களவுமாகப் பிடித்தது. ஒருவர் தன் போனைத் தரையில் போட்டு மிதிக்கப் பார்த்தார். இன்னொருவரிடம் மாஸ்கோவில் ஜிஆர்யூ கட்டிடத்துக்கு அருகிலிருந்து ஷெரெமெட்யெவோ விமான நிலையத்துக்குப் போன டாக்சி ரசீது இருந்தது. உளவாளியும் டிராவல் பில் போட வேண்டியிருக்கிறது போலும். நாட்டை விட்டு அனுப்பினார்கள். அக்டோபர் 4 அன்று டச்சு அரசு கார் டிக்கியின் புகைப்படங்களோடு எல்லாவற்றையும் வெளியிட்டது.

அந்த லேப்டாப்பில் சுவிட்சர்லாந்தின் லோசானில் இணைந்த தடமும் இருந்தது. 2016இல் ஊக்கமருந்து தடுப்பு மாநாடு நடந்தபோது அங்கே வந்தவர்களின் ஹோட்டல் வைஃபையைக் குறிவைத்திருந்தார்கள். ஆக, விமானமேறிப் போய் வைஃபையைப் பிடிப்பது அவர்களுக்கு ஒரு நிரந்தர வேலை. ஹேக்கில் அது ஊர் சிரிக்கும்படி முடிந்தது.

அ நிறுவனத்துக்குத் திரும்பி வரலாம். கன்ட்ரோலர் பதிவுகளில் இன்னொரு விஷயம் தென்பட்டது. ஊடுருவியவரின் கருவி ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட மூன்று ஆக்சஸ் பாயிண்டுகளிலேயே இணைந்திருக்கிறது. கட்டிட வரைபடத்தில் பார்த்தால் மூன்றும் ஒரு மூலையில், தெருவைப் பார்த்த ஜன்னல்களுக்குப் பக்கத்தில் உள்ள கூட்ட அறையில் இருக்கின்றன. ஆள் கட்டிடத்துக்குள் இல்லை, வெளியிலிருந்து சிக்னல் வருகிறது என்பதற்கு முதல் சான்று அது. கீழே தெருவில் யாராவது காரில் உட்கார்ந்திருக்கிறார்களா? ஹேக் கதை தெரிந்த யாருக்கும் முதலில் வரக்கூடிய சந்தேகம் அதுதான்.

தெருவில் யாரும் இல்லை. வைஃபை இணைப்பைக் கண்காணித்து, அதில் ஓடிய தரவுப் பொட்டலங்களைப் பிடித்து ஆராய்ந்தபோது அந்தக் கருவியின் பெயரும் அது சேர்ந்த டொமைனும் (எந்த நிறுவன நெட்வொர்க் என்பதும்) வெளியே தெரிந்தன. அது தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த இன்னொரு நிறுவனத்தின் கணினி. அதுதான் ஆ நிறுவனம். அவர்களுக்குத் தெரியாமலேயே அவர்கள் கணினி எதிர்க் கட்டிடத்து வைஃபைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

இங்கேதான் வித்தையின் மையம் இருக்கிறது. ஆ நிறுவனத்துக்குள் தொலைவிலிருந்தே நுழைந்தவர்கள், அங்கே இருந்த கணினிகளில் ஒரு குறிப்பிட்ட வகையைத் தேடினார்கள்: நெட்வொர்க் கேபிளும் செருகியிருக்க வேண்டும், வைஃபை அடாப்டரும் இருக்க வேண்டும். மேஜையில் டாக்கில் (கேபிள்களைச் சேர்க்கும் இணைப்புப் பெட்டியில்) மாட்டிய எந்த லேப்டாப்பும் இந்தக் கணக்கில் வரும். கேபிள் வழியாக அந்தக் கணினியைக் கட்டுப்படுத்தலாம். சும்மா கிடக்கும் வைஃபை அடாப்டரை எழுப்பி, சுற்றிலும் என்னென்ன நெட்வொர்க்குகள் கேட்கின்றன என்று பார்க்கலாம். அதற்கென்று அவர்கள் எழுதிய பவர்ஷெல் ஸ்கிரிப்ட் (விண்டோஸ் கட்டளைகளின் தொகுப்பு) ஒன்று அங்கே அகப்பட்டது. அக்கம்பக்கத்து வைஃபைகளைப் பட்டியலிட்டு, அ நிறுவனத்தின் நெட்வொர்க் தென்பட்டதும் திருடிய கணக்கைப் போட்டு இணைவது அதன் வேலை. ஜன்னலோரக் கூட்ட அறையின் மூன்று ஆக்சஸ் பாயிண்டுகளும் அந்தக் கணினியின் காதுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன.

ஆக, மறையாக்கம் எதுவும் உடையவில்லை. இணையும்போது பரிமாறும் நான்கு செய்திகளைப் பிடிக்கவில்லை, போலி ஆக்சஸ் பாயிண்ட் வைக்கவில்லை, ஒரு போனையும் துண்டிக்கவில்லை. கடவுச்சொல் இணையத்தில் கிடைத்தது, அருகாமை பக்கத்துக் கட்டிடத்தில் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துவிட்டால், கடல் தாண்டி ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருப்பவனும் வாசலில் நிற்பவனும் வைஃபையின் கண்ணுக்கு ஒன்றுதான். ஹேக்கில் கோட்டுக்கு அடியில் மறைத்து வைக்க வேண்டியிருந்த ஆன்டெனாவை இந்த முறை பக்கத்து நிறுவனமே தன் செலவில் வாங்கி, கரண்ட் பில்லும் கட்டி வைத்திருந்தது.

ஆ நிறுவனத்துக்குள் இவர்கள் வந்த வழியும் சுவாரசியமானது. ஒன்று, இரண்டாவது சரிபார்ப்பு இல்லாத விபிஎன், அதாவது வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வர உதவும் இணைப்பு. அது புதிதல்ல. இன்னொன்று, ஆ நிறுவனத்தின் வைஃபை வழியாக, அருகில் இருந்த மூன்றாவது நிறுவனம் ஒன்றிலிருந்து. அதுதான் இ நிறுவனம். ஒரு கட்டிடத்திலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று தாண்டி வந்திருக்கிறார்கள். இந்த முறைக்கு வொலெக்சிட்டி வைத்த பெயர் ‘நியரஸ்ட் நெய்பர்’ தாக்குதல். இ நிறுவனத்தையும் தொடர்புகொண்டு எச்சரித்தார்கள். ஆனால் விசாரணைக்குத் தேவையான தரவுகளைத் தர அந்த நிறுவனம் முன்வரவில்லை. அதனால் தடம் அங்கேயே நின்றுவிட்டது.

இ நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. திடீரென்று யாரோ போன் செய்து, ‘உங்கள் கணினி பக்கத்துக் கட்டிடத்தைத் தாக்குகிறது, லாக் கொடுங்கள்’ என்றால் எந்த நிறுவனத்தின் சட்டப் பிரிவும் முதலில் வாயை மூடிக்கொள்ளத்தான் சொல்லும். ஆ நிறுவனம் ஒத்துழைத்ததுதான் அபூர்வம். அது ஒத்துழைத்திருக்காவிட்டால் இந்த ஆய்வே ‘வெளியிலிருந்து ஏதோ ஒரு கணினி’ என்ற இடத்தில் நின்றிருக்கும்.

அ நிறுவனம் வைஃபையைச் சீர்செய்தது, கணக்குகளை மாற்றியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகு அதே ஆட்கள் திரும்ப வந்தார்கள், இந்த முறை விருந்தினர் வைஃபை வழியாக. விருந்தினர் வைஃபை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து முழுக்கப் பிரிக்கப்பட்டது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஒரே ஒரு கணினி மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் எட்டக்கூடியதாக இருந்தது. அதில் நுழைந்து, நெட்வொர்க் அமைப்புகளை மாற்றும் விண்டோஸின் நெட்ஷ் கட்டளையில் போர்ட்டுகளை (இணைப்பு வாசல்களை) திருப்பிவிட்டு, உள் நெட்வொர்க்குக்குப் பாலம் போட்டுக்கொண்டார்கள். மறுபடியும் வெளியிலிருந்து கொண்டுவந்த மென்பொருள் எதுவும் இல்லை. பிரித்துவிட்டோம் என்று ஆவணத்தில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது. விருந்தினர் வைஃபையில் ஒரு லேப்டாப்போடு உட்கார்ந்து, உள் ஐபி முகவரிகள் ஒன்றாவது பதில் தருகிறதா என்று தட்டிப் பார்ப்பது அரை மணி நேர வேலை.

யார் செய்தது என்பது அப்போது தெரியவில்லை. விண்டோஸின் சொந்தக் கருவிகளையே பயன்படுத்தியதால் கைரேகை மாதிரி எதுவும் மிஞ்சவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2024 ஏப்ரலில், ஃபாரஸ்ட் பிளிசார்ட் என்று தாங்கள் பெயரிட்டிருக்கும் ரஷ்யக் குழுவின் கருவி ஒன்றைப் பற்றி மைக்ரோசாஃப்ட் அறிக்கை வெளியிட்டது. அச்சு வேலைகளைக் கவனிக்கும் விண்டோஸ் பிரிண்ட் ஸ்பூலரில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி முழு அதிகாரம் பெறும் கூஸ்எக் என்ற கருவி அது. அதில் சொல்லியிருந்த கோப்புப் பெயர்களும் ஃபோல்டர்களும் அ நிறுவனத்தில் கண்டவற்றோடு பொருந்தின. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்தது 2022 அக்டோபரில், அதாவது இந்த ஊடுருவலுக்கு எட்டு மாதம் கழித்து. ஃபாரஸ்ட் பிளிசார்ட், ஏபிடி28, ஃபேன்சி பேர் என்று பல பெயர்களில் அறியப்படும் இந்தக் குழு ஜிஆர்யூவைச் சேர்ந்தது. ஹேக்கில் கார் டிக்கியோடு மாட்டியவர்களும் அதே வீட்டுப் பிள்ளைகள்தான். நேரில் போனால் அசிங்கப்பட வேண்டியிருக்கிறது என்று முறையை மாற்றிக்கொண்டார்கள் என்பது என் ஊகம். வரிசையைப் பார்த்தால் வேறு எப்படியும் நினைக்கத் தோன்றவில்லை.

நம் அலுவலகங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? உக்ரைன் நிபுணர்கள் யாரும் நம்மிடம் இல்லைதான். ஆனால் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த ஐடி கட்டிடத்தின் வாசலிலும் நின்று போனில் வைஃபையைத் திறந்து பாருங்கள். ஒரே கட்டிடத்தில் பத்து நிறுவனங்கள், பத்தும் தங்கள் பெயரையே வைஃபைக்கு வைத்துக்கொண்டு வரிசையாகத் தெரியும். நடுவில் தெருகூட இல்லை, ஒரு ஜிப்சம் சுவர்தான்.

முழுமையான தீர்வு என்று நான் நினைப்பது, அலுவலக வைஃபையில் கடவுச்சொல்லையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு கருவிக்கும் சான்றிதழ் கொடுத்து இணைய வைக்கும் இஏபி-டிஎல்எஸ் முறை. கடவுச்சொல் திருடு போனாலும் ஆ நிறுவனத்துக் கணினியில் அ நிறுவனத்தின் சான்றிதழ் இருக்காது, அதனால் இணையாது. போலி ஆக்சஸ் பாயிண்ட் வைத்தவனுக்கும் திருட ஒன்றும் கிடைக்காது. ஒரே மாற்றத்தில் இரண்டு வாசல்கள் மூடுகின்றன. பிறகு ஏன் எல்லோரும் செய்வதில்லை? சான்றிதழ் கொடுக்க, புதுப்பிக்க, ரத்து செய்ய ஆள் வேண்டும். ஊழியர்களின் சொந்த போன், பழைய பிரிண்டர், கூட்ட அறையின் டிவி எல்லாம் முரண்டு பிடிக்கும். அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதற்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. அதுவரை குறைந்தபட்சம், வைஃபையில் நுழைந்தவர் நேராக சர்வரைத் தொட முடியாதபடி பிரித்து வைத்து, உள்ளே போக விபிஎன்னும் இரண்டாவது சரிபார்ப்பும் கேட்கலாம். வைஃபையை இணையத்தைப் போலவே வெளி உலகமாக நினைத்துக்கொண்டால் மற்றவை தானாக அமையும்.

ஜன்னலோர ஆக்சஸ் பாயிண்டுகளின் சிக்னல் வலிமையைக் குறைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம், கெடுதல் இல்லை. ஆனால் திசை ஆன்டெனா வைத்திருப்பவனுக்கு அது பெரிய தடை இல்லை. அதை ஒரு பாதுகாப்பாகக் கணக்கில் வைத்தால் பழையபடி தூரத்தையே பூட்டாக நம்பும் கதைதான்.

ஆ நிறுவனத்தின் இடத்தில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு, அதைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. கேபிள் செருகியிருக்கும் கணினியில் வைஃபை தானாக அணைந்துவிடும்படி வைக்கலாம். பல நிறுவன லேப்டாப்புகளின் பயாஸ் அமைப்பிலேயே இதற்கு வசதி இருக்கிறது. அலுவலக டொமைனில் இணைந்திருக்கும்போது வேறு நெட்வொர்க்கில் சேரக் கூடாது என்று, நிறுவனக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் விண்டோஸ் குரூப் பாலிசியிலும் ஒரு விதி போட முடியும். நிர்வாக அதிகாரம் பெற்றுவிட்ட ஊடுருவல்காரன் இந்த அமைப்பை மாற்றிவிடலாம்தான். ஆனால் மாற்றினால் அது ஒரு தடயமாக விழும். நெட்ஷ், சைஃபர் போன்ற கட்டளைகள் சாதாரண ஊழியரின் கணினியில் ஓடினால் எச்சரிக்கை வரும்படி வைப்பதும் இதே வகை. கணக்கர் ஒருவரின் லேப்டாப் ஏன் சைஃபர்.எக்ஸி ஓட்ட வேண்டும்?

அப்புறம், பதிவுகள். இந்த வழக்கைத் திறந்த சாவி வைஃபை கன்ட்ரோலரிலும் ரேடியஸ் சர்வரிலும் இருந்த லாக்தான். ஜனவரிப் பதிவு பிப்ரவரியில் அழிந்திருந்தால் முதல் கணக்கு தெரிந்திருக்காது. ஆக்சஸ் பாயிண்டின் பெயர் பதிவாகாமல் இருந்தால் ஜன்னலோரக் கூட்ட அறை தெரிந்திருக்காது. பல கன்ட்ரோலர்களில் பதிவுகள் அந்தப் பெட்டிக்குள்ளேயே தங்கி, இடம் நிறைந்ததும் பழையது அழிந்துகொண்டே போகும். உங்களுடையது எத்தனை நாள் பின்னால் வரை காட்டுகிறது என்று இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு வாரத்துக்கும் குறைவாக இருந்தால், வெளியே பதிவுகளைச் சேகரிக்கும் ஒரு சிஸ்லாக் சர்வருக்கு அனுப்பும்படி மாற்றி, குறைந்தது மூன்று மாதப் பதிவாவது அங்கே தங்கும்படி செய்துவிடுங்கள்.